வழக்கை எதிர்கொள்ளும் மனநிலை இல்லாதவரை நீதிமன்றம் என்ன செய்யும்? வாசகர் கேள்வி – பதில்

மனநலம் பாதிக்கப்பட்டவர்மேல் குற்ற வழக்கு வந்தால் நடைமுறை என்ன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். சட்டப் பகுதியைக் குற்றவியல் வழக்கறிஞரும் மருத்துவப் பகுதியை மனநல மருத்துவரும் எழுதுகிறார்கள்.

முதலில் பிரிவு எண்கள் பற்றி. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும். பழையதில் 328 முதல் 339 வரை இருந்தவைதான் புதியதில் 367 முதல் 378 வரை. பழைய எண்ணோடு 39ஐக் கூட்டினால் புதிய எண் வந்துவிடும். கீழே இருப்பவை புதிய எண்கள்.

என் தம்பிக்கு ஒன்பது வருடமாக மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திய சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரரை அரிவாளால் வெட்டிவிட்டான். இப்போது ரிமாண்டில் இருக்கிறான். வக்கீல் ஜாமீன் மனு போட்டிருக்கிறார். அது போதுமா? – ஒரு வாசகி, திருச்செங்கோடு

வழக்கறிஞர்: போதாதம்மா. ஜாமீன் மனு தம்பியை வெளியே கொண்டுவரப் பார்க்கும், அவ்வளவுதான். அவரால் இந்த வழக்கை எதிர்கொள்ள முடியுமா என்ற கேள்வியைத் தனியாக எழுப்பவேண்டும். எழுப்பாவிட்டால் வாய்தா வாய்தாவாக வழக்கு நகர்ந்து, நடப்பது எதுவும் புரியாத ஒருவர்மேல் சாட்சி விசாரணை முடிந்துவிடும்.

பிரிவு 367 இப்படிப் போகிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், அதனால் தன் தரப்பைச் சொல்ல இயலாதவர் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) நம்பக் காரணம் இருந்தால், அதை அவர் விசாரித்தே ஆகவேண்டும். மாவட்ட அரசு மருத்துவரிடம் அனுப்பவேண்டும். அந்த மருத்துவரைச் சாட்சியாக விசாரித்து எழுத்தில் பதியவேண்டும். பாதிப்பு உண்டு என்று அவர் கண்டால், அரசு மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்புவார். அங்கிருந்து வரும் கருத்தில் குறை இருந்தால் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியர் ஒருவரும் அந்தக் குழுவில் இருப்பார்கள்.

நோய் இருக்கிறது என்று தெரிந்ததோடு வேலை முடிவதில்லை. அந்த நோயால் இவர் தன் தரப்பைச் சொல்ல இயலாதவர் ஆகிறாரா என்று நடுவர் தனியாக ஒரு முடிவைப் பதியவேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ம், மனநோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கருதக்கூடாது என்கிறது.

அடுத்த படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். இயலாதவர் என்று பதிந்த பிறகு, எதிரியிடம் எதுவும் கேட்காமல், அவருடைய வழக்கறிஞரை மட்டும் கேட்டு, அரசுத் தரப்பு ஆவணங்களில் முகாந்திரம், அதாவது வழக்கை நடத்தப் போதிய அடிப்படை, இருக்கிறதா என்று நடுவர் பார்க்கவேண்டும். முகாந்திரம் இல்லையென்றால் வழக்கை ஒத்திவைக்கக்கூடாது, அவரை விடுவிக்கவேண்டும். அடையாளம் தெரியாமல் பிடித்துவந்த திருட்டு வழக்குகளிலும், குற்றப்பத்திரிகையில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லாத வழக்குகளிலும் இதுதான் பெரிய வாசல். பல வழக்கறிஞர்கள் ஒத்திவைப்பு உத்தரவு கிடைத்ததும் திருப்தியாகி, இந்த வாதத்தை வைப்பதே இல்லை.

பிரிவு 367 நடுவர் விசாரணை நடத்தும் கட்டத்துக்காக எழுதப்பட்டது. அதற்காகக் குற்றப்பத்திரிகை வரும்வரை வாய்மூடி இருக்கத் தேவையில்லை. நோய் விவரத்தை ரிமாண்ட் கட்டத்திலேயே எழுத்தில் கொடுங்கள். கைதானவுடன் அரசு மருத்துவர் பரிசோதித்திருக்க வேண்டும் (பிரிவு 53). அந்தப் பதிவின் நகலை வாங்குங்கள். சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்ட மருத்துவத் தாள் அதுவாகத்தான் இருக்கும். மனுவோடு பழைய மருந்துச் சீட்டுகள், புறநோயாளி நோட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதன் நகல், கடைசியாக மருந்து வாங்கிய தேதி எல்லாம் சேரட்டும். குற்றப்பத்திரிகைக்கான கெடுவையும் எண்ணிக்கொண்டே இருங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள். அதற்குள் தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மனநோயாளி என்பதால் அந்த உரிமை குறையாது.

கோர்ட்டில் நடுவர் பெயர், ஊர் கேட்டார். என் மகன் சரியாகச் சொன்னான். "நல்லாத்தானே பேசுகிறான்" என்று விட்டுவிட்டார்கள். மருத்துவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பரமக்குடி

மருத்துவர்: ஐயா, பெயரும் ஊரும் சொல்வது தேர்வே இல்லை. கடுமையான சந்தேக நோய் உள்ளவர் தேதி, கிழமை, முதலமைச்சர் பெயர் எல்லாம் தப்பில்லாமல் சொல்வார். கூடவே, தனக்காக வாதாட வந்த வழக்கறிஞரை எதிராளி அனுப்பிய ஆள் என்று உறுதியாக நம்புவார். அவரால் வழக்கு நடத்த முடியாது. இன்னொருவருக்குக் காதில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனாலும் தன்மேல் என்ன குற்றச்சாட்டு, தான் அன்று எங்கே இருந்தார் என்று வழக்கறிஞரிடம் தெளிவாகச் சொல்வார். அவரால் முடியும்.

நாங்கள் பார்ப்பது இவை. தன்மேல் என்ன குற்றம் சொல்கிறார்கள் என்று தெரிகிறதா? நீதிபதி யார், அரசு வழக்கறிஞர் யார், தன் வழக்கறிஞர் யார், ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று புரிகிறதா? தீர்ப்பு எதிராக வந்தால் என்ன ஆகும் என்று தெரியுமா? சாட்சி பொய் சொன்னால், "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று வழக்கறிஞரின் காதில் சொல்லும் அளவுக்குக் கவனம் நிற்கிறதா? அரைமணி நேரம் கூண்டில் அமைதியாக நிற்க முடியுமா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இதற்கென விரிவான பரிசோதனைப் படிவம் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. பல மருத்துவர்கள் அதை ஒட்டியே எழுதுகிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சம்பவ நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பது வேறு கேள்வி, அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. இன்றைக்கு வழக்கை எதிர்கொள்ள முடியுமா என்பது இங்கே பேசும் கேள்வி. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று பதில் வரலாம். நீதிமன்றத்திலிருந்து வரும் கடிதத்தில் "மனநிலையைப் பரிசோதித்து அறிக்கை தரவும்" என்று மட்டும் இருந்தால், நாங்களும் நோயின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். அது யாருக்கும் உதவாது. கடிதத்திலேயே மூன்று கேள்விகள் இருக்கும்படி உங்கள் வழக்கறிஞர் கேட்டுவாங்கட்டும்: என்ன பாதிப்பு, அதனால் இப்போது தன் தரப்பைச் சொல்ல முடியுமா, முடியாதென்றால் சிகிச்சைக்கு எவ்வளவு காலம் ஆகும். மூன்றாவது முக்கியம். மருத்துவர் சொல்லும் அந்தக் காலத்துக்குத்தான் நடுவர் வழக்கை ஒத்திவைக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த வரி அறிக்கையில் இல்லாவிட்டால் ஒத்திவைப்புக்கு எல்லையே இருக்காது.

சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டநாள் ஊசியில் இருப்பவர் என்றால் கடைசி ஊசியின் தேதி வேண்டும். குளோசபின் சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் அது விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றவேண்டும். தெரியாமல் முழு அளவைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார்.

கொலை முயற்சி வழக்கு. "இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இல்லை, மனநோயாளி என்றாலும் உள்ளேதான்" என்கிறார்கள். சரியா? – கே. எம்., ஆம்பூர்

வழக்கறிஞர்: சரியில்லை. பிரிவு 369 தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இயலாதவர் என்று பதிவான பிறகு, குற்றம் ஜாமீனில் விடத்தக்கதா இல்லையா என்று பார்க்காமல் ஜாமீனில் விடவேண்டும். இரண்டு நிபந்தனைகள்: உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரவேண்டிய நிலை இருக்கக்கூடாது. உறவினரோ நண்பரோ ஒருவர், அருகில் உள்ள மருத்துவமனையில் தொடர்ந்து புறநோயாளிச் சிகிச்சை பெறவைப்பேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழி தரவேண்டும்.

ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஜாமீன் தர முடியாத வழக்கு என்று நீதிமன்றம் கருதினாலோ, உறுதிமொழி கிடைக்காவிட்டாலோ, மனநல சிகிச்சை கிடைக்கும் இடத்தில் வைக்க உத்தரவிடவேண்டும் என்கிறது. வைத்தால் மாநில அரசுக்கு அறிக்கை போகவேண்டும். இந்த இரண்டு உட்பிரிவுகளுக்கும் நடுவில்தான் பெரிய குற்றங்களில் மனுக்கள் சிக்குகின்றன. அரசு வழக்கறிஞர் இரண்டாவதைப் பிடிப்பார், நீங்கள் முதலாவதைப் பிடிக்கவேண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பது உங்கள் உறுதிமொழிதான்.

நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற ஒற்றை வரி எந்த நீதிபதியையும் அசைக்காது. யார் வீட்டில் தங்குவார், அந்த வீட்டில் பகலில் யார் இருப்பார், மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கவைப்பது யார், எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை புறநோயாளிப் பிரிவு, அங்கே போக எவ்வளவு தூரம் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். காயப்பட்டவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் வேறு ஊரில் தங்கவைப்பதாகச் சொல்லுங்கள். பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும்.

குடும்பம் கைவிட்டவருக்கு? சட்டம் நண்பர் என்றும் சொல்கிறது, அதற்கு வரையறை வைக்கவில்லை. மறுவாழ்வு இல்லம் நடத்துபவர் தனிப்பட்ட முறையில் உறுதிமொழி தந்து பார்க்கலாம். அதற்கும் ஆள் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். அழைப்பு எண் 15100. காவலில் இருப்பவருக்கும் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டவருக்கும் இலவச வழக்கறிஞர் உரிமை உண்டு. வருமானச் சான்று கேட்டால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகு வரும் தொல்லை வேறு. வழக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளதால் வாய்தாவுக்குப் போகத் தேவையில்லை என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு வாய்தா தவறினால் பிடிவாரண்ட் வரும், தேறி வந்த நோயாளியை நள்ளிரவில் காவலர்கள் கூட்டிப்போவார்கள். ஒவ்வொரு தேதிக்கும் வழக்கறிஞர் போய், மருந்துச் சீட்டின் நகலோடு ஒரு மெமோ கொடுத்துவிட்டு வரவேண்டும்.

என் சித்தப்பாவை ஒரு திருட்டு வழக்கில் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பல வருடம் ஆயிற்று. வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. – ஒரு வாசகர், அறந்தாங்கி

வழக்கறிஞர்: வந்த கடிதங்களில் எங்களை அதிகம் கவலைப்படவைத்தது இது. இந்த நடைமுறையின் உண்மையான ஆபத்து, ஒருவரை இயலாதவர் என்று பதிவதில் இல்லை. பதிந்த மறுநாளிலிருந்து வழக்குக் கட்டு தூங்கிப்போவதில் இருக்கிறது. நீதிமன்றம் மருத்துவமனை எழுதட்டும் என்று இருக்கும். மருத்துவமனை நீதிமன்றம் கேட்கட்டும் என்று இருக்கும். சிறை இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். குடும்பத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் சாட்சி. 1951இல் கைதான பழங்குடி மனிதர். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் தேறிவிட்டார் என்று மருத்துவமனை எழுதியது. வீட்டுக்கு அனுப்பாமல் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 2005இல் வெளியே வந்தபோது 54 ஆண்டு கழிந்திருந்தது. இவருடையதைப் போன்ற வழக்குகளை எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், இப்படி வைக்கப்பட்டவர்கள் பற்றிய அறிக்கைகள் உரிய காலத்தில் விசாரணை நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், வராவிட்டால் நீதிமன்றமே கேட்டு வாங்கவேண்டும், வாங்கிய அறிக்கையைப் பார்த்து உத்தரவு போடவேண்டும் என்றது. அதற்கு முன்பே 1982இல் வீணா சேத்தி வழக்கில், ஹசாரிபாக் சிறையில் மனநோயின் பெயரால் பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பார்த்து அதே நீதிமன்றம் அதிர்ந்திருந்தது. ருதுல் சா வழக்கு இன்னும் விசித்திரம். 1968இல் விடுதலையான மனிதரை 1982 வரை பீகார் சிறை விடவில்லை. கேட்டதற்கு, அவர் பைத்தியமாக இருந்தார் என்றார்கள். 1983இல் அவருக்கு இழப்பீடு தரச்சொன்ன தீர்ப்பு, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறினால் பணத்தால் பதில் சொல்லவேண்டும் என்ற வழியைத் திறந்தது.

இனி நீங்கள் செய்யவேண்டியது. முதலில் வழக்கு எண். மருத்துவமனைப் பதிவேட்டில் எந்த நீதிமன்றத்தின் எந்த உத்தரவின் பேரில் சேர்த்தார்கள் என்று இருக்கும், அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கை எண்ணும் போட்டுத் தேடலாம். பழைய கட்டுகள் அதில் இருக்காது. நீண்டகால நிலுவைப் பதிவேட்டுக்குப் போயிருக்கலாம், பதிவறையில் நேரில்தான் தேடவேண்டும்.

கட்டு கிடைத்ததும் மூன்று வாசல்களைத் தட்டுங்கள். ஒன்று, தற்போதைய மனநிலை அறிக்கை. மருத்துவமனையில் இருப்பவரைப் பற்றி மனநல மறுஆய்வு வாரியம், அவர் வழக்கை எதிர்கொள்ளத் தக்கவர் என்று சான்று தரலாம் (பிரிவு 376). சிறையில் இருந்தால் சிறைத்துறைத் தலைவர் தரவேண்டும். அந்தச் சான்றே நீதிமன்றத்தில் சாட்சியமாகும், பிரிவு 370இன்படி விசாரணை மீண்டும் தொடங்கும். வாரியத்தில் மாவட்ட நீதிபதி தகுதியுள்ள தலைவரும், ஆட்சியரின் பிரதிநிதியும், மனநல மருத்துவரும், பொது மருத்துவரும், நோயாளிகள் அல்லது பராமரிப்பாளர்கள் அல்லது தொண்டு நிறுவனத் தரப்பில் இருவரும் இருப்பார்கள். உங்கள் மாவட்டத்துக்கு எந்த வாரியம் என்று மாநில மனநல ஆணையத்திடம் கேளுங்கள்.

இரண்டு, முகாந்திரம். அன்றைக்குப் பார்க்கவில்லை என்றால் இன்றைக்குப் பார்க்கச் சொல்லி மனு போடலாம்.

மூன்று, கணக்கு. திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. பிரிவு 479இன்படி, அதில் பாதியான 18 மாதம் விசாரணைக் கைதியாக இருந்தவரை ஜாமீனில் விடவேண்டும். இதுதான் முதல் குற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கான 12 மாதமே போதும். பழைய வழக்குகளில் சிறையில் இருக்கும் முதல்முறைக் கைதிகளுக்கும் இந்த மூன்றில் ஒரு பங்கு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதிகபட்சத் தண்டனைக் காலத்தைத் தாண்டி எவரையும் விசாரணைக் கைதியாக வைக்கவே முடியாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு கிடையாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் சிக்கல் வரும், எனவே எல்லா வழக்குகளையும் ஒரே தாளில் பட்டியலிடுங்கள். மருத்துவமனையில் கழிந்த நாட்களையும் காவல் நாட்களாகச் சேர்க்கவேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். நீதிமன்ற உத்தரவால் பூட்டிய கதவு எங்கே இருந்தாலும் காவல் காவல்தான்.

எதுவும் நகராவிட்டால் உயர் நீதிமன்றம். உங்கள் ஊருக்கு மதுரைக் கிளை.

சட்டக் கல்லூரி மாணவன். அமெரிக்காவில் இதற்குக் காலவரம்பு உண்டு என்கிறார்கள். நம் சட்டத்தில் ஏன் இல்லை? – மதுரை

வழக்கறிஞர்: நீங்கள் கேள்விப்பட்டது 1972 ஜூன் 7இல் வந்த ஜாக்சன் எதிர் இண்டியானா தீர்ப்பு. தியோன் ஜாக்சன் காது கேளாதவர், வாய் பேச முடியாதவர். மனவளர்ச்சி பள்ளிக்குச் செல்லாத குழந்தையின் அளவு. அவர்மேல் இரண்டு பறிப்பு வழக்குகள், சேர்த்து ஒன்பது டாலர் மதிப்பு. பரிசோதித்த மருத்துவர்கள், இவர் தேறி வழக்கை எதிர்கொள்ள வாய்ப்பில்லை என்றார்கள். இண்டியானாவின் சட்டமோ தேறும்வரை மருத்துவமனையில் வை என்றது. வழக்கறிஞர் கேட்டது எளிய கேள்வி: தேறவே மாட்டார் என்றால், குற்றம் நிரூபிக்கப்படாமலே இது ஆயுள் தண்டனை அல்லவா?

ஆம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஒருவரை இப்படி வைப்பதன் தன்மையும் காலமும், எதற்காக வைக்கிறோமோ அந்த நோக்கத்தோடு நியாயமாகப் பொருந்தவேண்டும். தேற வாய்ப்பு உண்டா என்று கண்டறியத் தேவையான நியாயமான காலம்வரை வைக்கலாம். வாய்ப்பில்லை என்று தெரிந்தால், மற்ற குடிமக்களை மனநல மருத்துவமனையில் சேர்க்க என்ன நடைமுறையோ அதைத் தொடங்கவேண்டும், இல்லையேல் வெளியே விடவேண்டும். நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பு அது. இத்தனை நாள் என்று அவர் எண் வைக்கவில்லை. கூட்டரசுச் சட்டம் பிறகு முதற்கட்ட மருத்துவமனைக் காவலுக்கு நான்கு மாத உச்சவரம்பு வைத்தது.

நம் சட்டத்தில் அப்படியொரு வரி இல்லை என்பது உண்மை, அது குறைதான். ஆனால் 2009இன் திருத்தச் சட்டம் சில பூட்டுகளைத் திறந்தது. முகாந்திரம் பார்க்கவேண்டும் என்பதும், மருத்துவர் சொல்லும் காலத்துக்கு மட்டும் ஒத்திவைப்பு என்பதும், அறிவுசார் குறைபாடு உள்ளவரின் வழக்கை முடித்துவிடுவதும் அப்போது வந்தவை. கடைசியாகச் சொன்னதில் நாம் ஜாக்சன் தீர்ப்பைவிட ஒரு படி முன்னால் இருக்கிறோம் என்பேன். அங்கே அந்தக் குற்றச்சாட்டை என்ன செய்வது என்ற கேள்வியை நீதிமன்றம் முடிக்காமல் மாநிலத்துக்கே திருப்பி அனுப்பியது. மேனகா காந்தி வழக்குக்குப் (1978) பிறகு, நியாயமற்ற நடைமுறை 21ஆம் பிரிவின் முன் நிற்காது. காலவரம்பில்லாத காவலை எதிர்த்து வாதிட அந்த ஒன்று போதும். ஜாக்சனை மேற்கோள் காட்டலாம், ஆனால் மனுவின் முதுகெலும்பு 21ஆக இருக்கட்டும்.

என் அண்ணன் மகனுக்கு 22 வயது, அறிவு வளர்ச்சி ஆறு வயதுப் பிள்ளைக்கு இருப்பதுதான். பைக்கைத் தள்ளிக்கொண்டு போனான் என்று வழக்கு. இவனுக்கும் சிகிச்சை என்று ஒத்திவைப்பார்களா? – பொள்ளாச்சி

வழக்கறிஞர்: இல்லை. மனநோய் சிகிச்சையில் தேறும் என்பதால் ஒத்திவைப்பு. அறிவுசார் குறைபாடு அப்படித் தேறுவதல்ல, அதனால் வழியும் வேறு. அந்தக் குறைபாட்டால் தன் தரப்பைச் சொல்ல இயலாதவர் என்று நடுவர் பதிந்தால், விசாரணையை முடித்துவிடவேண்டும் (367இன் ஐந்தாம் உட்பிரிவு). வழக்கு விசாரணை தொடங்கிய பின் தெரியவந்தால், முகாந்திரம் இருந்தாலும் விசாரணை நடத்தக்கூடாது (368). பிறகு 369இன்படி, போதிய உத்தரவாதம் பெற்று வீட்டுக்கு அனுப்பலாம், அல்லது பராமரிப்பும் பயிற்சியும் தரும் இல்லத்துக்கு அனுப்பலாம்.

மாற்றுத்திறனாளி அட்டையில் சதவீதம் இருப்பது மட்டும் போதாது, மருத்துவ உளவியலாளரின் அறிக்கை வேண்டும். சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. மருத்துவர் மனநோய் இல்லை என்று எழுதிவிடுவார். அது உண்மைதான், ஆனால் நீதிமன்றம் அதையே நலமாக இருக்கிறார் என்று படித்துவிடும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

என் மச்சினரைக் கொன்றவன் இப்போது பைத்தியம் என்கிறார்கள். நடிக்கிறான் என்று எங்களுக்குச் சந்தேகம். எங்கள் தரப்புக்கு வழியே இல்லையா? – ஒரு வாசகர், செய்யாறு

வழக்கறிஞர்: இருக்கிறது. ஒத்திவைப்பு என்பது விடுதலை அல்ல. அவர் தேறியதும் அதே இடத்திலிருந்து வழக்கு தொடரும். மனநோய்க்கான ஆதாரத்தை எதிர்த்தரப்பு மறுத்தால், நீதிமன்றம் அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துப் பெறவேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. அரசு வழக்கறிஞர் மூலம் அதைக் கேளுங்கள். சாட்சிகளின் நினைவு மங்கும் என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை இப்போதே வாங்கி வையுங்கள். விசாரணை நடக்காத நிலையிலும் பிரிவு 396இன்படி இழப்பீட்டுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

மருத்துவர்: நடிப்பைக் கண்டுபிடிப்பது அறைக்குள் பதினைந்து நிமிடப் பேச்சில் நடப்பதல்ல. வார்டில் வைத்து, தூக்கம், சாப்பாடு, குளியல், யாரும் பார்க்காதபோது பேச்சு எப்படி என்று செவிலியர்கள் நாள்தோறும் எழுதுவார்கள். நடிப்பவர் மருத்துவர் வரும்போது அதிகமாகக் காட்டுவார், இரவில் நிம்மதியாகத் தூங்குவார். மதிப்பீட்டுக்காக 10 நாள்வரை மருத்துவமனையில் வைக்க நடுவர் அனுமதிக்கலாம். பெரும்பாலும் அது போதும்.

சின்ன வழக்குதான், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம் என்கிறார்கள். அக்காவுக்கு இருமுனை மனநோய். – தேனி

வழக்கறிஞர்: கட்டாதீர்கள். புரியாமல் ஒப்புக்கொண்டது ஒப்புதலே ஆகாது, ஆனால் பதிவில் தண்டனை என்று ஏறிவிடும். அடுத்த வழக்கு வந்தால் முதல்முறைக் குற்றவாளி என்ற சலுகை போய்விடும். தேறிய நிலையில் இருக்கிறார் என்றால் வழக்கை நடத்துங்கள், இல்லையென்றால் 367.

நான்கு எதிரிகளில் ஒருவர் மனநோயாளி. மற்றவர்கள் காத்திருக்க வேண்டுமா? – கோவில்பட்டி

வழக்கறிஞர்: வேண்டாம். அவருடைய பங்கைத் தனி வழக்காகப் பிரித்துவிட்டு மற்றவர்கள்மேல் நடத்தலாம். பிரித்த வழக்குக்கும் தனி எண் வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள்.

சம்பவ நேரத்தில் மனநோய் என்று என் கணவரை விடுதலை செய்தார்கள். ஆனால் வீட்டுக்கு விடவில்லை. விடுதலை என்றால் என்ன அர்த்தம்? – ஒரு வாசகி, மன்னார்குடி

வழக்கறிஞர்: இப்படி விடுவிக்கும்போது, அந்தச் செயலை அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பில் தனியாக எழுதவேண்டும் (373). செய்தார் என்று இருந்தால் 374 வரும். பாதுகாப்பான காவலில் வைக்கலாம், அல்லது உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைக்கலாம். உங்கள் கணவருக்கு முதலாவது நடந்திருக்கிறது. தீர்ப்பு நாளன்று யாரும் ஒப்படைப்பு மனு போடாவிட்டால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

இப்போது இரண்டு வழிகள். அவரை உங்களிடம் ஒப்படைக்கக் கேட்டு, உத்தரவாதத்தோடு விசாரணை நீதிமன்றத்திலேயே விண்ணப்பியுங்கள். ஒப்படைத்தால் அரசு சொல்லும் அதிகாரியிடம், சொல்லும் தேதிகளில் அவரைக் காட்டவேண்டியிருக்கும். இன்னொன்று 377. தனக்கும் பிறருக்கும் ஆபத்தில்லாமல் விடலாம் என்று, மருத்துவமனை என்றால் வாரியமும், சிறை என்றால் சிறைத்துறைத் தலைவரும் சான்று தரவேண்டும். அதன்மேல் மாநில அரசு உத்தரவு போடவேண்டும். அரசு நினைத்தால் ஒரு நீதித்துறை அதிகாரியும் இரண்டு மருத்துவ அதிகாரிகளும் கொண்ட குழுவை அமைத்து விசாரிக்கலாம்.

சான்று கிடைத்தும் தலைமைச் செயலகத்தில் கோப்பு நின்றுவிடுவது உண்டு. சான்று போன தேதியை எழுதி வையுங்கள். நினைவூட்டல் கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைச் சேர்த்து வையுங்கள். சில மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால், அந்தச் சீட்டுகளோடு உயர் நீதிமன்றத்தில், இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க அரசுக்கு உத்தரவிடுமாறு ரிட் மனு போடலாம். விடுதலையே கேட்பதைவிடக் காலக்கெடு கேட்கும் மனுவில் உத்தரவு சீக்கிரம் கிடைக்கும்.